அட்டவணையும் பொருளும்

நுழையும்முன்

பள்ளி நூலகத்தில் நீண்ட வழங்கல் பதிவேடு ஒன்று இருக்கும். நூலின் எண், மாணவர் பெயர், வழங்கிய நாள், திரும்பிய நாள் எனக் கோடு போட்டுப் பிரித்த அதன் பக்கங்களில், ஆண்டு முழுவதும் நடந்த கொடுக்கல் வாங்கல் வரிவரியாகப் பதிந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பை முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வருபவர் நூலகத்திற்கு ஏதும் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதற்கு அந்த ஏடே சான்று. அதனைக் கணினிக்கு மாற்றும்போது, நிரலும் தரவுத்தளமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இருவேறு மரபுகள்

தரவுகளை அட்டவணைகளாகக் காணும் கோட்பாட்டை வகுத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் சான் ஹோசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரையில் உறவுநிலை மாதிரியை முன்வைத்தார். தரவு வட்டில் எங்கே, எந்த ஒழுங்கில் கிடக்கிறது என்பதைப் பயனர் அறியத் தேவையில்லை. கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக மட்டும் அதனைக் கண்டால் போதும் என்பது அவர் கருத்து. அதுவரை நிரலர்கள் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் சுட்டிகளைப் பற்றிக்கொண்டே நடந்து செல்ல வேண்டியிருந்தது. 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் அம்மாதிரிக்கு ஏற்ற வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். இன்று எஸ்கியூஎல் என வழங்குவது அம்மொழியே. காட் 1981இல் டூரிங் விருது பெற்றார்.

பொருள் என்னும் கருத்து வேறொரு திசையிலிருந்து வந்தது. நார்வே நாட்டின் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்டு ஆகியோர், உலகில் நிகழ்வனவற்றைக் கணினியில் நடித்துக்காட்டும் பொருட்டு 1960களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினர். தன் பண்புகளையும் தன் செயல்களையும் தன்னுள்ளேயே கொண்டு, ஒன்றோடொன்று உரையாடும் சிறு அலகுகளால் நிரலைக் கட்டும் முறை அங்கிருந்து வளர்ந்தது. அவ்வலகே பொருள், ஒத்த பொருள்களுக்கான வார்ப்பு இனக்குழு. இவ்விருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.

ஆக, தரவை நிலையாக வைத்துக் காக்க எழுந்தது ஒரு மரபு. இயங்கும் நிரலை ஒழுங்குபடுத்த எழுந்தது மற்றொரு மரபு. இரண்டும் ஒன்றையொன்று கேட்டு வளர்ந்தவை அல்ல. அதனால் ஒரே செய்தியை இரண்டும் எதிரெதிராகச் சொல்வதுண்டு. பொருள் உலகில் ஒரு மாணவர் தாம் எடுத்த நூல்களின் பட்டியலைத் தம் கையிலேயே வைத்திருக்கிறார். அட்டவணை உலகிலோ மாணவரின் கிடைவரிசையில் நூல்களைப் பற்றிய பேச்சே இல்லை. வழங்கல் அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையும் மாணவரின் எண்ணைச் சுமந்துகொண்டிருக்கிறது. உறவு ஒன்றுதான், சுட்டும் திசை தலைகீழ். ஓர் இனக்குழுவிலிருந்து மற்றொன்று பண்புகளை மரபுரிமையாகப் பெறும். அட்டவணைகளுக்கு அத்தகைய பிறப்புறவு உறவுநிலை மாதிரியில் இல்லை. இந்தப் பொருந்தாமைக்கு மின்னியலிலிருந்து பெயரைக் கடன் வாங்கி, மின் எதிர்ப்புப் பொருத்தமின்மை என்றே கணினியியலார் குறிப்பிடுகின்றனர்.

இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

இவ்விரு மரபுகளையும் நிரலரே கைப்பட இணைக்கலாம். பைத்தானோடு சேர்ந்தே வரும் எஸ்கியூலைட் தொகுதியைக் கொண்டு வினவலைச் சரமாக எழுதி அனுப்புவர். விடையாக வரும் கிடைவரிசையில் முதல் மதிப்பு எண், இரண்டாவது தலைப்பு, மூன்றாவது ஆசிரியர் என எண்ணி எடுத்துக்கொள்வர். சிறு நிரலுக்கு இது போதும். ஆனால் அட்டவணையின் நடுவே புதிதாக ஒரு நெடுவரிசை நுழைந்தால், நான்காவதை மூன்றாவதாகப் படிக்கும் பிழை நிரலெங்கும் பரவும். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பக முகவரி அச்சாகும். நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. தவறான பதிவேடு ஒன்று உருவாகிக்கொண்டே இருக்கும்.

இவ்வேலையை மேற்கொள்ளும் இடைநிலை மென்பொருளே பொருள்–உறவுநிலைப் பொருத்தி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இதனை ஓ.ஆர்.எம். என்பர். இனக்குழுவை அட்டவணையோடும், பண்பை நெடுவரிசையோடும், ஒரு பொருளை ஒரு கிடைவரிசையோடும் இது பொருத்திவைக்கிறது. நிரலர் பொருளின் பண்பை மாற்றினால், அதற்குரிய எஸ்கியூஎல் கட்டளையைப் பொருத்தி தானே எழுதி அனுப்பும்.

ஜாவா மொழிக்கு 2001இல் கவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட், ரூபி மொழியில் 2004இல் வெளிவந்த ரெயில்ஸ், பைத்தானில் 2005இல் பொதுவெளிக்கு வந்த ஜாங்கோ, 2006இல் மைக் பேயர் வெளியிட்ட எஸ்கியூஎல்ஆல்கெமி ஆகியன இத்துறையில் பலரும் அறிந்தவை. இவற்றின் போக்கு ஒன்றல்ல. ரெயில்ஸ், ஜாங்கோ ஆகியவற்றில் பொருளே தன்னைச் சேமிக்கும். ‘உன்னைச் சேமித்துக்கொள்’ என்று நூல் பொருளிடமே கூறலாம். ஹைபர்னேட்டிலும் எஸ்கியூஎல்ஆல்கெமியிலும் பொருளுக்குத் தரவுத்தளம் தெரியாது. அமர்வு எனப்படும் வேறொருவரே அதனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நூலில் இவ்விரு போக்குகளுக்கும் தனித்தனிப் பெயரிட்டு விளக்கியுள்ளார். முதலாவது தொடங்குவதற்கு எளிது. எந்த நேரத்தில் எது வட்டில் எழுதப்படுகிறது என்பதை வெளிப்படையாகக் காட்டுவதால், கற்பதற்கு ஏற்றது இரண்டாவதே. எனவே இனி வரும் விளக்கம் எஸ்கியூஎல்ஆல்கெமியையும் எஸ்கியூலைட்டையும் ஒட்டியே செல்கிறது.

முகவரி எழுதுதல்

பொருத்திக்கு முதலில் தெரிய வேண்டுவது தரவுத்தளம் இருக்கும் இடம். அதனை ஒரே சரத்தில் எழுதித் தர வேண்டும். தரவுத்தளத்தின் வகை, அதனோடு பேசும் இயக்கி, பயனர் பெயர், கடவுச்சொல், வழங்கி, வாயில் எண், தரவுத்தளத்தின் பெயர் என்பது அதன் அமைப்பு. மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான வாயில் எண் 3306, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432. கடவுச்சொல்லில் ‘@’ குறி இருந்தால் அதனை அப்படியே எழுதக் கூடாது. வழங்கியின் பெயர் அங்கேயே தொடங்கிவிட்டதாகப் பொருத்தி எண்ணிவிடக்கூடும். அக்குறிக்கு மாற்றாக ‘%40’ என எழுதுதல் வேண்டும்.

எஸ்கியூலைட்டுக்குப் பயனருமில்லை, கடவுச்சொல்லும் இல்லை, வழங்கியும் இல்லை. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. ஆகவே வகையின் பெயரை அடுத்து முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடுகள், பின்னர்க் கோப்பின் பெயர் என்று முகவரி முடிந்துவிடும். முதல் இரண்டு சாய்கோடுகளுக்குப் பின் வர வேண்டிய வழங்கியின் பெயர் வெறுமையாக இருப்பதால்தான் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. லினக்ஸ் போன்ற இயக்கமுறைமைகளில் வேர்க்கோப்புறையிலிருந்து முழுப்பாதையையும் எழுதினால் சாய்கோடுகள் நான்காகும்.

இந்த எளிமைக்குள் ஒரு பொறி இருக்கிறது. கோப்பின் பெயரை மட்டும் எழுதினால், நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து இயக்கப்படுகிறதோ அங்கே அக்கோப்பு தேடப்படும். அங்கு இல்லையெனில் எஸ்கியூலைட் குறை கூறாது. அதே பெயரில் வெறுமையான புதுக் கோப்பை உருவாக்கிக்கொள்ளும். நேற்று நிரலின் கோப்புறையிலிருந்து இயக்கி ஐந்நூறு நூல்களைப் பதிந்த ஒருவர், இன்று வேறு கோப்புறையிலிருந்து இயக்குகிறார் எனக் கொள்க. ‘அத்தகைய அட்டவணை இல்லை’ என்ற செய்தி தோன்றும். தொடக்கத்திலேயே அட்டவணைகளை உருவாக்கும் கட்டளை நிரலில் இருந்தால் அச்செய்திகூட வராது. நூலகம் வெறிச்சோடிக் கிடப்பதாகத் திரை காட்டும். தரவு அழியவில்லை. அது பழைய கோப்புறையில் பத்திரமாக உள்ளது. அச்சத்தில் ஐந்நூறு நூல்களையும் மறுபடி பதியத் தொடங்குவோருக்குப் பின்னர் இரண்டு பதிவேடுகள் கிடைக்கும். இரண்டும் முழுமையானவை அல்ல. முழுப்பாதையை எழுதுவதோ, நிரற்கோப்பு இருக்கும் இடத்திலிருந்து பாதையைக் கணக்கிடுமாறு அமைப்பதோ இதற்குத் தீர்வாகும்.

பல கணினிகளிலிருந்து பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் போன்ற அமைப்பானால் சிக்கல் வேறு. அங்குக் கடவுச்சொல் உண்டு. அதனை நிரலுக்குள்ளேயே எழுதி, நிரலை கிட்ஹப் போன்ற பொதுத்தளத்தில் ஏற்றுவோர் பலர். பிறகு அந்த வரியை நீக்கினாலும் பயனில்லை. பழைய பதிப்புகள் அனைத்தையும் கிட் நினைவில் வைத்திருக்கும். கடவுச்சொல்லையே மாற்றியாக வேண்டும். இயக்கமுறைமையின் சூழல் மாறியில் அதனை வைத்து, நிரல் இயங்கும்போது படித்துக்கொள்ளுமாறு அமைப்பதே முறை. எல்லா உரிமைகளும் கொண்ட தலைமைப் பயனரின் பெயரில் செயலியை இணைப்பதும் தவிர்க்கத்தக்கது. நூல் வழங்கும் செயலிக்குப் படிக்கவும், சேர்க்கவும், திருத்தவும் உரிமை இருந்தால் போதும். அட்டவணையையே நீக்கும் உரிமை அதற்கு எதற்கு?

முகவரியைப் பெற்றுக்கொள்ளும் உறுப்புக்கு எஞ்சின் என்று பெயர். அது உருவான உடனே தரவுத்தளத்தோடு இணைந்துவிடுவதில்லை. முதல் வினவல் வரும்வரை காத்திருக்கும். முகவரியில் பிழை இருந்தும் எஞ்சினை உருவாக்கும் வரி அமைதியாகக் கடந்துபோவதும், பத்து வரிகள் கழித்துப் பிழை வெடிப்பதும் இதனால்தான். திறந்த இணைப்புகளை மூடாமல் ஒரு குளத்தில் தேக்கிவைத்து, கேட்போருக்கு மாற்றி மாற்றித் தருவதும் எஞ்சினின் பணியாகும். வழக்கமான அமைப்பில் ஐந்து இணைப்புகள் நிலையாக இருக்கும். நெருக்கடியில் மேலும் பத்து வரை திறக்கலாம். எடுத்த இணைப்புகளைத் திருப்பாமலே நிரல் எழுதப்பட்டிருந்தால், பதினாறாவது கோரிக்கை முப்பது நொடிகள் காத்திருந்து பிழையாக முடியும். நூலகத்தில் நூலைத் திருப்பாதவரால் அடுத்தவருக்கு நேரும் அதே நிலைதான்.

தெரிந்து தெளிவோம்

எஸ்கியூலைட்டை உருவாக்கியவர் ரிச்சர்டு ஹிப். அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான மென்பொருட்பணியில் ஈடுபட்டிருந்தபோது, தரவுத்தள வழங்கியும் அதனைப் பேணுபவரும் இல்லாமலே இயங்கும் ஒன்றை அவர் விரும்பினார். அதன் விளைவாக 2000ஆம் ஆண்டு எஸ்கியூலைட் வெளிவந்தது. அதற்குக் காப்புரிமை கோரப்படவில்லை; அது பொதுவுடைமை. இன்று ஆண்ட்ராய்டு திறன்பேசிகளிலும் ஐபோன்களிலும் இது இடம்பெற்றுள்ளது.

வார்ப்பும் அட்டவணையும்

அடுத்தது இனக்குழுக்களை வரையறுத்தல். நூலகச் செயலிக்கு நூல், மாணவர், வழங்கல் என மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் எந்த அட்டவணை, எந்தெந்த நெடுவரிசைகள், அவற்றின் தரவு வகை யாது, வெறுமையாக விடலாமா என்பவற்றை இனக்குழுவிலேயே எழுதிவிட வேண்டும். பைத்தான் 3 தமிழ் எழுத்துகளையே பெயர்களாக ஏற்கும். விரும்புவோர் இனக்குழுவுக்கு ‘நூல்’ என்றே பெயரிடலாம்.

ஒவ்வொரு கிடைவரிசையையும் பிறவற்றிலிருந்து பிரித்தறிய முதன்மைத் திறவுகோல் தேவை. ஒரே தலைப்பில் மூன்று படிகள் இருக்கும் நூலகத்தில் தலைப்பு திறவுகோலாகாது; படி ஒவ்வொன்றுக்கும் உரிய சேர்க்கை எண்ணே ஆகும். வழங்கல் அட்டவணையில் நூலின் எண்ணும் மாணவரின் எண்ணும் அயல் திறவுகோல்களாக நிற்கும். அவற்றுக்குத் துணையாக ‘மாணவர்’ இனக்குழுவில் ஓர் உறவுப் பண்பைச் சேர்த்தால், மாணவர் பொருளிலிருந்து அவர் எடுத்த நூல்களின் பட்டியலுக்கு நேரே செல்லலாம். முன்னர்க் கூறிய தலைகீழ்த் திசை நேராகும் இடம் இதுவே.

அயல் திறவுகோலை எழுதிவிட்டதாலேயே அது காவல் காக்கும் என்று எண்ணுதல் தவறு. பழைய நிரல்கள் பழுதுபடாதிருக்கும் பொருட்டு, எஸ்கியூலைட் வழக்கமான அமைப்பில் அயல் திறவுகோலைச் சரிபார்ப்பதில்லை. பள்ளியை விட்டுச் சென்ற மாணவரின் கிடைவரிசையை அலுவலர் நீக்கினால், அவர் திருப்பாத நூலின் வழங்கற்பதிவு இல்லாத ஒருவரைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அந்நூல் யாரிடம் உள்ளது என்பதை அதன்பின் எந்த வினவலாலும் அறிய இயலாது. சரிபார்ப்பை இயக்கும் பிராக்மா கட்டளையை ஒருமுறை தந்தால் போதாது. ஒவ்வோர் இணைப்பிலும் தர வேண்டும். புது இணைப்பு திறக்கும் நிகழ்வோடு அக்கட்டளையைப் பிணைத்துவைக்க எஸ்கியூஎல்ஆல்கெமி இடம் தருகிறது. சில வரிகளே ஆகும் இந்த அமைப்பைப் பயிற்சிச் செயலிகளில் பலரும் விட்டுவிடுகின்றனர்.

வரையறைகளிலிருந்து அட்டவணைகளை உருவாக்க ஒரே கட்டளை உண்டு. அது இல்லாத அட்டவணையை மட்டுமே உருவாக்கும்; இருக்கும் அட்டவணையைத் திருத்தாது. பின்னொரு நாள் நூல் இனக்குழுவில் ‘பதிப்பாண்டு’ என்ற பண்பைச் சேர்த்து அக்கட்டளையை மீண்டும் இயக்கினாலும் பழைய அட்டவணை பழையபடியே இருக்கும். இத்தகைய மாற்றங்களை வரிசைப்படி பதிவுசெய்து நிறைவேற்ற அலெம்பிக் என்னும் தனிக்கருவி உள்ளது. அதனை உருவாக்கியவரும் மைக் பேயரே.

அமர்வு

பொருள்களுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே நடைபெறும் போக்குவரத்தை அமர்வு கவனிக்கிறது. புதுப் பொருளை அமர்வில் சேர்ப்பதும் வட்டில் எழுதுவதும் வெவ்வேறு செயல்கள். சேர்த்த பொருள் அமர்வின் பொறுப்பில் இருக்கும். உறுதிசெய்யும் கட்டளை வந்த பின்னரே நிலைபெறும். தொடக்கநிலையினர் இங்கு ஏமாறுவர். பொருளைச் சேர்த்துவிட்டு அதே நிரலில் வினவிப் பார்த்தால் அது விடையில் காணப்படும். ஏனெனில் வினவுமுன் அமர்வு தன்னிடமுள்ள மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடும். அவை அனுப்பப்பட்டனவேயன்றி உறுதிசெய்யப்படவில்லை. நிரல் முடிந்ததும் அத்தனையும் கைவிடப்படும். பார்த்தது பொய்யில்லை, ஆனால் அது நிலைக்கவும் இல்லை.

இத்தனை தயக்கம் ஏன் என்று கேட்கலாம். ஒரு மாணவர் நூலைத் திருப்பித் தருகிறார். வழங்கற்பதிவில் திரும்பிய நாளை எழுத வேண்டும். நூலின் நிலையை ‘இருப்பில்’ என மாற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையே மின்சாரம் நின்றால் என்னாகும்? நூல் அடுக்கில் இருக்கும். மாணவர் பெயரில் நிலுவையும் இருக்கும். சான்றிதழ் வாங்க வரும் நாளில், திருப்பிய நூலைத் திருப்பவில்லை என்று அவரிடம் திரை சொல்லும். இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே நிகழ வேண்டும், அல்லது இரண்டும் நிகழாதிருக்க வேண்டும் என்ற இக்கட்டுப்பாடே பரிவர்த்தனை. அமர்வு இரண்டையும் ஒரே கட்டாக வைத்திருந்து ஒருசேர உறுதிசெய்கிறது. இடையில் பிழை நேர்ந்தால் பின்வாங்கும் கட்டளையால் இரண்டையும் தொடக்கநிலைக்கே கொண்டுசெல்லலாம். பைத்தானின் ‘வித்’ தொகுதிக்குள் அமர்வையும் பரிவர்த்தனையையும் தொடங்கினால், வெற்றியெனில் உறுதிசெய்தலும், பிழையெனில் பின்வாங்கலும், முடிவில் இணைப்பைத் திருப்புதலும் தாமாகவே நடக்கும்.

அமர்வுக்கு இன்னொரு பண்பும் உண்டு. ஒரே அமர்வில் 27ஆம் எண் மாணவரை இருமுறை கேட்டாலும் அது ஒரே பொருளையே தரும். அதனால் ஓரிடத்தில் திருத்திய பெயரும் மற்றோரிடத்தில் திருத்தாத பெயரும் நிரலுக்குள் உலவுவதில்லை.

தமிழ்ப் பெயர்களும் தரவுத்தளமும்

மாணவர் பெயருக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்? ‘தமிழ்ச்செல்வி’ என்னும் பெயரில் எழுத்துகள் ஏழு. ஒருங்குறியோ உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணுவதால் அப்பெயர் அங்குப் பதின்மூன்று குறியீடுகளாகிறது. யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது குறியீட்டுக்கு மூன்று பைட்டு வீதம் முப்பத்தொன்பது பைட்டுகள் ஆகிறது. பத்தெழுத்து போதும் என நெடுவரிசைக்கு வரம்பிட்டால், எஸ்கியூலைட் அவ்வரம்பைப் பொருட்படுத்தாமல் ஏற்றுக்கொள்ளும். பின்னர் மைஎஸ்கியூஎல்லுக்கு மாறும் நாளில்தான் பெயர்கள் மறுக்கப்படும்.

‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எஸ்கியூலைட்டுக்கோ அவை வேறு வேறு பெயர்கள். ஒரு கணினியில் பதிந்த ‘கொற்றவை’யை வேறொரு விசைப்பலகையில் தட்டச்சிட்டுத் தேடினால் ‘இல்லை’ என்ற விடை வரக்கூடும். இங்குப் பொருளின் பயன் புலப்படுகிறது. மாணவர் இனக்குழுவில் பெயர்ப் பண்பு மாற்றப்படும்போதெல்லாம் அதனை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் செயற்கூற்றை ஓரிடத்தில் எழுதினால் போதும். பொருள் வழியே எழுதப்படும் எப்பெயரும் சீரான வடிவிலேயே சேரும். தேடற்சொல்லையும் அதே செயற்கூற்றின் வழியே அனுப்ப வேண்டும்.

அகரவரிசையும் கவனத்துக்குரியது. எஸ்கியூலைட் வழக்கமாகப் பைட்டு மதிப்புகளை ஒப்பிட்டே வரிசைப்படுத்தும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் பிற இந்திய மொழிகளோடு இணையாக வைக்கப்பட்டதால், னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் ளகரம் ழகரத்துக்கு முன்னும் அமைந்துள்ளன. எனவே கபிலனுக்கு முன் கனகா வருவார்; வழுதிக்கு முன் வள்ளி வருவார். நெடுங்கணக்கு அறிந்த எவருக்கும் அப்பட்டியல் உறுத்தும். தமிழ் வரிசையைப் பின்பற்றும் ஒப்பீட்டு விதியைப் பைத்தானில் எழுதி, அதனை எஸ்கியூலைட்டிடம் பதிவுசெய்து, வினவலில் அவ்விதியைக் குறிப்பிட்டால் வரிசை நேராகும். மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திறமையானவராயினும் இதனைத் தாமாகச் செய்துதர மாட்டார்.

திரைக்குப் பின்னே ஓடும் வினவல்கள்

யூஜின் ஓ'நீல் எழுதிய நாடகம் ஒன்று நூலகத்துக்கு வருகிறது. ஆசிரியர் பெயரிலுள்ள மேற்குறி, எஸ்கியூஎல்லில் சரத்தை முடிக்கும் குறியுமாகும். பெயரை வினவற்சரத்தோடு ஒட்டி எழுதும் நிரல் இங்கே முறிந்துபோகும். அதே ஓட்டையின் வழியே, பெயருக்கான கட்டத்தில் எஸ்கியூஎல் கட்டளையையே தட்டச்சிட்டுத் தரவைத் திருடுவதும் அழிப்பதும் உண்டு. பொருத்தி, கட்டளையையும் மதிப்பையும் பிரித்தே அனுப்புவதால் ஓ'நீலும் பாதுகாப்பாக வந்து சேர்வார். ஆனால் பொருத்தியைப் பயன்படுத்தும்போதும் வினவலைச் சரமாக எழுதும் வழி திறந்தே உள்ளது. அங்குப் பெயரை ஒட்டி எழுதினால் பழைய ஓட்டை மீண்டும் திறக்கும்.

பொருத்தியின் தாராளம் சில வேளைகளில் வேகத்தைக் குறைக்கும். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரிடமும் உள்ள நூல்களின் பட்டியல் வேண்டும். மாணவர்களைப் பெற ஒரு வினவல். பிறகு சுழற்சியில் ஒவ்வொரு மாணவரின் நூற்பட்டியலையும் தொடும்போது, அதுவரை கொண்டுவராத அப்பட்டியலுக்காகப் பொருத்தி தனி வினவல் ஒன்றை அனுப்பும். மொத்தம் நாற்பத்தொன்று. நிரலில் தெரிவதோ மூன்று வரிகள்தாம். கோப்பு அதே கணினியில் இருக்கும்வரை இது உறைக்காது. தரவுத்தளம் தொலைவிலுள்ள வழங்கிக்கு மாறியதும், நாற்பத்தொரு முறை போய்வரும் காலம் திரையில் தெரியும்.

எஞ்சினை உருவாக்கும்போது ‘எக்கோ’ என்னும் அமைப்பை இயக்கிவைத்தால், பொருத்தி அனுப்பும் ஒவ்வொரு வினவலும் திரையில் அச்சாகும். கற்கும் காலம் முழுவதும் அதனை அணைக்காமல் வைத்திருப்பது நல்லது. மேற்கண்ட நிரலை இயக்கினால், எண் மட்டும் மாறிய ஒரே வினவல் நாற்பது முறை அடுக்கடுக்காக ஓடுவதைக் காணலாம். மாணவர்களைக் கேட்கும்போதே அவர்களுடைய வழங்கல்களையும் சேர்த்துக் கொண்டுவருமாறு கூறும் ஒரு சொல்லை வினவலில் இணைத்து மீண்டும் இயக்கினால், திரையில் இரண்டே வினவல்கள் தோன்றும்: ஒன்று மாணவர்களுக்கு, மற்றொன்று அந்த நாற்பது எண்களையும் ஒருசேரக் கொடுத்து வழங்கல்களுக்கு.